1,200 வெள்ளிக்குள் கேமிங் கணினி: எந்தப் பாகத்தை முதலில் முடிவு செய்வது?

புதிதாக கேமிங் கணினி வாங்குபவர்கள் பெரும்பாலும் கணினியின் மூளையான பிராசசரில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிறகு கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி, வண்ண விளக்கு விசிறி எல்லாம் எடுத்து முடித்து, கையில் மிஞ்சிய காசுக்கு, காட்சியை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடுவார்கள். வரிசையே தலைகீழ். முதலில் திரை, அதற்கேற்ற கிராஃபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசசர். மற்ற எல்லாம் இந்த மூன்றுக்குப் பின்னால்தான் வரும்.

இங்கே 1,200 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்துக்கொள்வது பெட்டிக்கும் அதற்குள் இருப்பதற்கும் மட்டும். திரை, கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் உரிமம் எல்லாம் தனிக் கணக்கு.

படி 1: என்ன விளையாட்டு, எந்தத் திரை?

வேலோரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கிராஃபிக்ஸ் கார்டை அதிகம் வாட்டுவதில்லை. நொடிக்கு 200 ஃபிரேமுக்கு (படச் சட்டம்) மேல் வேண்டுமென்றால் பிராசசரும் ராமும்தான் (தற்காலிக நினைவகம்) அங்கே பேசும். வேலோரண்டுக்கும் கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்கும் சர்வர் சிங்கப்பூரிலேயே இருப்பதால் பிங் (தகவல் போய்வரும் தாமதம்) குறைவு. நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் திரைக்குச் செலவழிக்கும் காசு இங்கே வீணாகாது. சைபர்பங்க் 2077 மாதிரி காட்சி கனமான விளையாட்டுகளில் நிலைமை நேர்மாறு. பிராசசரைவிட கிராஃபிக்ஸ் கார்டுதான் முதலில் மூச்சுத் திணறும்.

திரையின் அளவை இஞ்ச்சில் பார்க்காதீர்கள், பிக்சலில் பாருங்கள். 1920×1080 திரையில் சுமார் 2.07 மில்லியன் பிக்சல். 2560×1440 திரையில் 3.69 மில்லியன், அதாவது ஏறக்குறைய 1.8 மடங்கு வேலை. 1,200 வெள்ளிக்கு நிம்மதியாக ஓடுவது 1080-தான். உங்களிடம் ஏற்கெனவே 1440 திரை இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இன்னும் 250 முதல் 300 வெள்ளி ஒதுக்குங்கள். முடியாவிட்டால் குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் போட்டு சமாளிக்கலாம்.

படி 2: காசைப் பிரித்துக்கொள்வது

கிராஃபிக்ஸ் கார்டுக்கு 450. பிராசசர், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு, ராம் மூன்றுக்கும் சேர்த்து 450. விளையாட்டுகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு 110, பவர் சப்ளைக்கு 100, பெட்டிக்கும் விசிறிக்கும் 90. இது விலைப்பட்டியல் இல்லை, உச்சவரம்பு. 2025 கடைசியில் ராம் விலை கடகடவென ஏறியதிலிருந்து, நடுவில் இருக்கும் அந்த 450-தான் முதலில் எகிறும். அப்போது கிராஃபிக்ஸ் கார்டில் கை வைக்காதீர்கள். ராமை 32-லிருந்து 16 ஜிபிக்கு இறக்குங்கள், மதர்போர்டை ஒரு படி குறையுங்கள். பவர் சப்ளையிலிருந்து மட்டும் காசை உருவாதீர்கள். காரணம் படி 5-இல் வருகிறது.

படி 3: கிராஃபிக்ஸ் கார்டு

இந்த விலையில் பார்க்க வேண்டியவை: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 (8 ஜிபி, 145 வாட்), ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் பி580 (12 ஜிபி, 190 வாட்). கடையில் மிச்சம் கிடந்தால் முந்தைய தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 4060-உம் ஆர்எக்ஸ் 7600-உம். பெட்டியின் மேல் 'ஓசி', 'கேமிங்', மூன்று விசிறி என்று போட்டு 60 வெள்ளி கூடுதலாகக் கேட்பார்கள். ஒரே சிப் என்றால் வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது, சத்தம்தான் கொஞ்சம் குறையும். இரண்டு விசிறி வைத்த சாதா கார்டே போதும்.

உண்மையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது பெயரை. ஒரே பெயரில் இரண்டு கார்டு வரும். ஆர்டிஎக்ஸ் 3060 என்று பட்டியலில் இருக்கும். 12 ஜிபி கார்டுக்கு மெமரிப் பாதை 192 பிட், 8 ஜிபி கார்டுக்கு 128 பிட்தான். மெமரி மட்டுமல்ல, வேகமும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 6 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு உண்டு, 6 ஜிபி கார்டில் சிப்பின் கோர்களும் குறைவு. 9060 எக்ஸ்டியிலும் 5060 டிஐ-யிலும் 8, 16 என இரண்டு ரகம். அங்கே சிப் ஒன்றுதான், மெமரிதான் வேறு. ஆகவே விலையை ஒப்பிடும் முன் ஜிபியைச் சரிபாருங்கள். கடைக்காரர் 'அதே கார்டுதான் பிரதர்' என்றால் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள்.

8 ஜிபி போதுமா? 1080-க்குப் போதும். ஆனால் சில புதிய விளையாட்டுகளில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்பு நுணுக்கம்) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். சராசரி ஃபிரேம் நன்றாகவே காட்டும், நடுநடுவே வெட்டி வெட்டி ஓடும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். விலை வித்தியாசம் 80 வெள்ளிக்குள் என்றால் கூடுதல் மெமரிக்கே போய்விடுங்கள்.

ஆர்க் பி580-க்கு ஒரு நிபந்தனை உண்டு. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் ஆன் ஆகியிருக்க வேண்டும். பழைய, வேகம் குறைந்த பிராசசரோடு சேர்த்தால் அதன் பலம் பாதி வெளியே வராது. புது பிராசசரோடு வாங்குபவர்களுக்கு மட்டும் அது நல்ல பேரம்.

படி 4: பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றும் ஒரே முடிவு

இவற்றைத் தனித்தனியாக வாங்கப் பார்க்காதீர்கள். பிராசசரின் சாக்கெட் (அது உட்காரும் இடம்) மதர்போர்டைத் தீர்மானிக்கும், மதர்போர்டு ராமைத் தீர்மானிக்கும். மூன்று வழிகள் இருக்கின்றன.

மிகவும் மலிவானது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்: ரைசன் 5 5600, பி550எம் போர்டு, டிடிஆர்4 ராம். ஆறு கோர், கூடவே கூலரும் வரும். இந்த சாக்கெட்டுக்கு இனி பெரிதாக மேம்பாடு இல்லை. இங்கே ஒரு பொறி: ரைசன் 5 5500 இருபது முப்பது வெள்ளி மலிவாக இருக்கும், அதுவும் ஆறு கோர்தான். ஆனால் அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. அதோடு, கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் பாதையான பிசிஐஇ-இல் 5500 பழைய 3.0 மட்டுமே தரும்; 5600 தருவது 4.0. 5060, 4060, பி580 மூன்றும் அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டுகள், பிசிஐஇ 3.0-இல் போட்டால் அவற்றுக்குக் கிடைக்கும் அகலம் பாதியாகிவிடும். முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் 450 வெள்ளிக் கார்டை முடக்குவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, இன்டெல் ஐ5-12400எஃப், பி760எம் போர்டு. ஒரே பெயருள்ள போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வடிவில் வரும். டி4 என்று பெயரின் கடைசியில் இருந்தால் டிடிஆர்4. மாற்றி வாங்கினால் ராம் பள்ளத்தில் உட்காரவே உட்காராது.

மூன்றாவது ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5: ரைசன் 5 7500எஃப் அல்லது 7600, பி650எம் போர்டு, டிடிஆர்5 ராம். தொடக்கச் செலவு கூடும். ஆனால் இந்த சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றலாம். ராம் விலை இடம் கொடுத்தால் இதையே எடுங்கள். கொடுக்காவிட்டால் 5600-இல் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஃப் என்று முடியும் பிராசசர்களிலும், ரைசன் 5 5600-இலும் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் கிடையாது. திரை கேபிளை மதர்போர்டில் சொருகிவிட்டு 'படம் வரவில்லை' என்று பதறுபவர்கள் எக்கச்சக்கம். கேபிள் எப்போதும் கிராஃபிக்ஸ் கார்டில்.

ராம் எத்தனை ஜிபியாக இருந்தாலும் இரண்டு குச்சியாக வாங்குங்கள்: 8+8 அல்லது 16+16. ஒற்றைக் குச்சி போட்டால் மெமரி அகலம் பாதி. நான்கு பள்ளம் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். டிடிஆர்4 என்றால் 3200 அல்லது 3600, டிடிஆர்5 என்றால் 6000 சரியான இடம். டிடிஆர்5-இல் 'இப்போது இரண்டு, பிறகு இரண்டு' என்று திட்டம் போடாதீர்கள். நான்கு குச்சி சேர்ந்தால் அறிவித்த வேகத்தில் பெரும்பாலும் ஓடாது.

படி 5: பவர் சப்ளை

கணக்கு எளிது. 65 வாட் என்று போட்டிருக்கும் ரைசன் உண்மையில் 88 வாட் வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு 145 முதல் 190. மற்றவற்றுக்கு 75. கூட்டினால் அதிகபட்சம் ஏறக்குறைய 350 வாட். கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் தம் அளவை மீறித் துள்ளும் என்பதால் 550 அல்லது 650 வாட் எடுக்க வேண்டும். 850 தேவையில்லை.

80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது; உள்ளே இருக்கும் பொருளின் தரத்தை அல்ல. பின்பக்கம் 115/230 என்று சிவப்பு நிற சுவிட்ச் இருக்கும் யூனிட்டை எடுக்காதீர்கள். அது பழைய, மலிவு வடிவமைப்பு. சுவிட்ச் 115-இல் இருக்கும்போது நம் 230 வோல்ட் பிளக்கில் போட்டால் 'டப்' என்று வெடிக்கும். நல்ல யூனிட்டுகள் வோல்டேஜைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஐந்து வருட உத்தரவாதம் தருகிற நிறுவனத்தின் சரக்காகப் பாருங்கள்.

கழற்றி மாட்டும் கேபிள் வைத்த யூனிட் வாங்கினால், வேறு பவர் சப்ளையின் கேபிளை அதில் சொருகக் கூடாது. முனை ஒன்றுபோல் பொருந்தும், உள்ளே கம்பி வரிசை வேறு. எஸ்எஸ்டியும் டிஸ்க்கும் கருகிப்போகும். பிராசசர் கேபிள் 4+4 ஆகப் பிரியும், கிராஃபிக்ஸ் கேபிள் 6+2 ஆகப் பிரியும். இறுக்கமாக இருக்கிறதே என்று அழுத்தித் தள்ளுகிறீர்கள் என்றால் தவறான கேபிள் கையில் இருக்கிறது.

படி 6: எஸ்எஸ்டி

1 டிபி கொள்ளளவு, எம்.2 வடிவம், என்விஎம்இ வகை. அவ்வளவுதான். நொடிக்கு 3,500 எம்பியா 7,000 எம்பியா என்பது விளையாட்டில் கண்ணுக்குத் தெரியாது. எம்.2 வடிவிலேயே வேகம் குறைந்த சாட்டா எஸ்எஸ்டியும் விற்கும், அது வேண்டாம்.

படி 7: பெட்டியும் நம்மூர் வெக்கையும்

வெளிநாட்டுச் சோதனைகளில் பலவும் 21, 22 டிகிரி அறையில் நடப்பவை. ஏர்கான் போடாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி அறை மத்தியானத்தில் 31 டிகிரி. அந்தச் சோதனையில் 72 என்று காட்டும் பிராசசர் இங்கே 81-ஐத் தொடும். அதனால் முன்பக்கம் கண்ணாடி மூடிய பெட்டியை விட்டுவிட்டு வலை முகப்பு உள்ளதை எடுங்கள். முன்னால் இரண்டு விசிறி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. தண்ணீர்க் கூலர் இந்த விலைக்கு அநாவசியம். 5600-உடன் வரும் கூலர் சத்தமாக இருந்தால் 30, 40 வெள்ளிக்கு 120 மில்லிமீட்டர் டவர் கூலர் போதும். அதன் உயரம் 150 மில்லிமீட்டரை ஒட்டி வரும். பெட்டி எவ்வளவு உயரம் தாங்கும், கார்டுக்கு எவ்வளவு நீளம் விடும் என்ற இரண்டு எண்ணையும் வாங்கும் முன் பாருங்கள். பெட்டியை டிவி அலமாரிக்குள் அடைத்தால் இந்தக் கணக்கெல்லாம் பாழ்.

படி 8: எங்கே, எப்படி வாங்குவது

ராச்சோர் எம்ஆர்டி பக்கத்தில் சிம் லிம் ஸ்குவேர். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம். கணினிப் பாகம் விற்கும் கடைகள் மேல்மாடிகளில். பலரும் விலைப்பட்டியலை இணையத்தில் போடுகிறார்கள். இரண்டு கடைப் பட்டியலை வீட்டிலேயே வைத்து வரிவரியாக ஒப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே போய் மூன்று கேள்வி கேளுங்கள்: இது லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா? 9% ஜிஎஸ்டி சேர்த்த விலையா? கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டா? எக்ஸ்போர்ட் செட் மலிவு, ஆனால் பழுதானால் உள்ளூர் விநியோகிப்பாளர் தொட மாட்டார். வெளிநாட்டுத் தளத்தில் 400 வெள்ளிக்குக் குறைவாக வாங்கினால் வரி இல்லை என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

'ஐ7, 32 ஜிபி, கேமிங் பேக்கேஜ்' என்று பெரிய எழுத்தில் போட்ட தொகுப்பில் கிராஃபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். பவர் சப்ளைக்கு வெறும் '500 வாட்' என்று மட்டும் இருந்தால் பிராண்ட் கேளுங்கள்.

பழைய பொருட்கள் கைமாறும் கேரோசல் தளத்தில் பழைய கார்டு வாங்குவதானால் எம்ஆர்டி வாசலில் கைமாற்றாதீர்கள். விற்பவர் வீட்டில் 15 நிமிடம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரசீதும் சீரியல் எண்ணும் இல்லாத கார்டுக்கு உத்தரவாதமும் இல்லை. விலையை அதற்கேற்பக் குறையுங்கள். பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே வேண்டாம்.

படி 9: வந்த முதல் வாரம்

பல கடைகள் சில நாட்களுக்கு ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தரும். அந்த நாட்களுக்குள் கணினியை வாட்டிப் பார்த்துவிட வேண்டும். பயாஸில், ராமை அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிடிஆர்4 ராம் 2133 என்றோ டிடிஆர்5 ராம் 4800 என்றோ நின்றால் அது ஆன் ஆகவில்லை. விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸைக் கையால் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் 60-இலேயே கிடக்கும். வேலோரண்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், இரண்டும் பயாஸில்தான்.

பிறகு ஒரு மணி நேரம் விளையாடுங்கள். கணினி மொத்தமாக அணைந்து திரும்ப எழுந்தால் முதலில் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். நீலத் திரை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். அதன்பின் வராவிட்டால் கோளாறு ராமில் அல்லது அதன் வேகத்தில். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்; அப்படியும் திரையில் வண்ணக் கட்டங்கள் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டை ரசீதோடும் பெட்டியோடும் கடைக்கு எடுத்துப் போங்கள்.