20 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் பாப்-அப்: பைத்தானில் செய்வது எப்படி?

திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் மாலையானால் கண் எரிய ஆரம்பித்தது. கண் மருத்துவர் 20-20-20 என்றார். அதாவது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பார்க்க வேண்டும். வேலை மும்முரத்தில் எங்கே ஞாபகம் வருகிறது? அதற்குத்தான் இந்தச் சின்ன நிரல். பைத்தானில் விண்டோ, பெட்டிகளைக் காட்ட உதவும் டிகிண்டரே போதும், இதற்காகப் பெரிய லைப்ரரி எதையும் இறக்காதீர்கள். உபுண்டுவில் மட்டும் பைத்தான்3-டிகே பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

முதலில் டிகிண்டரை இம்போர்ட் செய்யுங்கள். செய்திப் பெட்டி காட்டும் மெசேஜ்பாக்ஸ் கூடவே வந்துவிடாது, அதைத் தனியாக இம்போர்ட் செய்ய வேண்டும். ரூட் என்ற முதன்மை விண்டோவை உருவாக்கி, அந்த வெற்று விண்டோ தெரியாமலிருக்க ரூட்.விட்ரா கொடுங்கள்.

அடுத்து ‘நினைவூட்டு’ என்று ஒரு ஃபங்ஷன். (பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், எனக்கு அது மிகவும் பிடிக்கும். மற்ற கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) அதற்குள் இரண்டே வரி. முதல் வரி மெசேஜ்பாக்ஸ்.ஷோஇன்ஃபோ, பெட்டியைக் காட்டுவது இதுதான். இரண்டாவது:

ரூட்.ஆஃப்டர்(1200000, நினைவூட்டு)

கணக்கு மில்லிவிநாடியில். ஆஃப்டர் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும், அதனால்தான் ஃபங்ஷன் தன்னைத் தானே மறுபடி வரிசையில் போட்டுக்கொள்கிறது. ஃபங்ஷனுக்கு வெளியே இதே ஆஃப்டர் வரியை ஒருமுறை எழுதி, கடைசியில் நிரலை ஓடிக்கொண்டே இருக்க வைக்கும் ரூட்.மெயின்லூப்.

நான் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டது அந்த ஆஃப்டர் வரியில்தான். பழக்கத்தில் ‘நினைவூட்டு()’ என்று அடைப்புக்குறியோடு எழுதியிருந்தேன். ஓகே அழுத்தினால் உடனே அடுத்த பெட்டி, அதை மூடினால் இன்னொன்று. 20 நிமிடம் என்பதே காணோம். அடைப்புக்குறி போட்டால் பைத்தான் அந்த ஃபங்ஷனை அந்த நொடியே ஓட்டிவிடும், ஆஃப்டரின் முறை வருவதே இல்லை. பெயரை மட்டும் கொடுங்கள். சோதிக்கும்போது 5000 என்று வையுங்கள், ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

நிரலைக் காத்திருக்க வைக்கும் டைம்.ஸ்லீப் பக்கமே போகாதீர்கள். அது தூங்கும் நேரம் முழுவதும் விண்டோவும் உறைந்துவிடும்.

பின்சேர்க்கை 1: சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பெட்டிகள் குவிந்து கிடக்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் ஆஃப்டர் வரியை ஷோஇன்ஃபோவுக்கு மேலே வைத்திருந்தார். பெட்டியை மூடாவிட்டாலும் அடுத்த கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கீழே வைத்தால் ஓகே அழுத்திய பிறகுதான் 20 நிமிடம் தொடங்கும்.

பின்சேர்க்கை 2: “இதை எப்படி நிறுத்துவது?” நியாயமான கேள்வி, மூடுவதற்கு விண்டோவே இல்லையே. ஷோஇன்ஃபோவுக்குப் பதில், யெஸ், நோ பொத்தான்களோடு வரும் ஆஸ்க்யெஸ்நோ போட்டு “தொடரட்டுமா?” என்று கேளுங்கள். யெஸ் என்றால் ஆஃப்டர் வரி, நோ என்றால் ரூட்.டெஸ்ட்ராய். இப்போது நானும் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.