உடம்பு இறுக: ஒரு நாற்காலி, ஒரு பை, ஒரு நோட்டு

உடம்பை 'டோன்' செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தொப்பை மட்டும் குறைய எந்தப் பயிற்சி?" என்றுதான். அப்படி ஒரு பயிற்சி கிடையாது. எத்தனை சிட்-அப் எடுத்தாலும் வயிற்றுத் தசைதான் பலப்படும். அதன் மேல் படிந்திருக்கும் கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் கரைய வேண்டும் என்பது உடம்பின் விருப்பம், நம் கையில் இல்லை. இறுகிய உடம்பு என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன: தசை கொஞ்சம் கூடியிருக்கும், அதை மூடியிருக்கும் கொழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கும். கொழுப்பைப் பெரும்பாலும் சாப்பாடு தீர்மானிக்கிறது. தசையைத் தீர்மானிப்பது பயிற்சி. இங்கே தசைக்கான வழியைச் சொல்கிறேன்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை தூக்கினால் உடம்பு முரடாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். தசையைப் பெரிதாக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களைவிட மிகக் குறைவு. பெரிய தசை வேண்டுமென்று வருடக்கணக்கில் உழைப்பவர்களுக்கே அது லேசில் வருவதில்லை.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், மூட்டு வலி இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. நாள் குறியுங்கள்

வாரத்தில் மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு நாள் இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தினமும் செய்தால் சீக்கிரம் பலன் வரும் என்று தோன்றும். ஆனால் பயிற்சி என்பது தசைக்கு நாம் கொடுக்கும் வேலை மட்டுமே. அது தன்னைச் சீர் செய்துகொண்டு முன்பைவிடத் தடிப்பது ஓய்வு நேரத்தில்தான்.

2. உடம்பைச் சூடாக்குங்கள்

ஐந்து நிமிடம். இருந்த இடத்திலேயே நடை, தோள்களைச் சுழற்றுவது, இடுப்பைச் சுழற்றுவது. லேசாக மூச்சு வாங்கினால் சரி.

3. ஸ்குவாட்

பஸ்கி என்று சொல்கிறோமே, அதேதான். ஒரே ஒரு பயிற்சிதான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். உடம்பின் பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன.

நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதற்கு முன்னால் முதுகு காட்டி நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் சற்றே வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். இப்போது முட்டியை மடக்குவதற்கு முன் இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். கைகளை முன்னால் நீட்டினால் சமநிலை கிடைக்கும். மூச்சை இழுத்தபடி மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். நாற்காலியில் பொத்தென்று விழாமல், தொட்டதும் மூச்சை விட்டபடி எழுந்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. வெறுங்காலோடு செய்யுங்கள். அடியில் நிற்கும்போது கால் விரல்களை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியாமல் அவை தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் எடை முன்னால் போய்விட்டது என்று பொருள். இடுப்பு இன்னும் கொஞ்சம் பின்னால் போகட்டும். இரண்டு, எழும்போது முட்டிகள் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே மடியக் கூடாது. செய்யும்போது இது நமக்கே தெரியாது. கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்து ஒரு செட்டை, அதாவது தொடர்ந்து செய்யும் 8 முதல் 12 முறையை, வீடியோ எடுத்துப் பாருங்கள். கடைசி இரண்டு முறையில்தான் பெரும்பாலும் முட்டி உள்ளே போகும். முட்டி, பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். முட்டி விரல் நுனியைத் தாண்டவே கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். நீண்ட தொடை உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் தாண்டத்தான் செய்யும், அதில் தவறில்லை.

4. தண்டால், சுவரிலிருந்து தரைக்கு

தரையில் ஒரு தண்டால்கூட எடுக்க வரவில்லையே என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சுவரில் தொடங்குங்கள். ஒரு கை நீளம் தள்ளி நின்று, கைகளைத் தோள் அகலத்துக்குச் சற்று அதிகமாக வைத்து, நெஞ்சு சுவர் அருகே வரும்வரை சாய்ந்து தள்ளுங்கள். அது 12 முறை சுலபமாக வந்ததும் மேஜை விளிம்பு, அப்புறம் உறுதியான நாற்காலி, அப்புறம் தரை. உடம்பு எவ்வளவு படுக்கையாகச் சாய்கிறதோ அவ்வளவு எடை கைக்கு வரும். தலை முதல் குதிகால் வரை ஒரே பலகைபோல இருக்க வேண்டும். முழங்கைகள் சிலுவைபோல விரியாமல் பக்கவாட்டில் பாதியளவு விரிந்தால் தோளுக்கு நல்லது.

5. இடுப்பை மடக்கித் தூக்குவது

கீழே கிடப்பதைத் தூக்கும்போது முதுகைக் கூன் போடும் பழக்கம் இதனால் போகும். சுவருக்கு ஓர் அடி முன்னால் முதுகு காட்டி நில்லுங்கள். முட்டியைச் சற்றே தளர்த்தி, முதுகை நேராக வைத்தபடி, பிட்டத்தால் சுவரைத் தொடுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கிறதா? சரியாகச் செய்கிறீர்கள். இடுப்பை முன்னால் தள்ளி நிமிருங்கள். இது பழகிய பிறகு கையில் ஒரு பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பை தொடையை உரசியபடியே இறங்கி ஏறட்டும்.

அந்தப் பைதான் உங்கள் டம்பெல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தோளில் மாட்டும் பையில் நான்கு ஒரு லிட்டர் பாட்டில் வைத்தால் நான்கு கிலோ, கணக்கு துல்லியம்.

6. இழுப்பது, தாங்குவது

ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு நோக்கி இழுங்கள். முழங்கை விலாவைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். இது முதுகுக்கு. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இதை விடவே கூடாது. கடைசியாக, 20 விநாடி பிளாங்க்: குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால் விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல நேராகத் தூக்கித் தாங்குங்கள். இடுப்பு தொங்கினால் நிறுத்திவிடுங்கள்.

எத்தனை முறை?

பிளாங்க் தவிர ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை. அது ஒரு செட். முதல் இரண்டு வாரம் இரண்டு செட், அதன் பிறகு மூன்று. நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் செட்டை முடியுங்கள். இன்னும் பத்து முறை செய்யலாம் என்று தோன்றினால் எடை போதவில்லை.

நோட்டு எதற்கு?

பலர் மாதக்கணக்கில் வியர்க்க வியர்க்கச் செய்தும் உடம்பு அப்படியே இருக்கிறது என்கிறார்கள். காரணம், முதல் நாள் செய்த அதே எடை, அதே எண்ணிக்கை. தசை தனக்குப் பழகிய வேலைக்காக வளர்வதில்லை. 1940-களில் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், காயம்பட்ட வீரர்களுக்கு லேசான பயிற்சி மட்டும் கொடுத்துவந்த வழக்கத்தை மாற்றி, பத்துப் பத்து முறையாகக் கனமான எடை கொடுத்து, அதைப் படிப்படியாக ஏற்றினார். இன்று உலகமெங்கும் ஜிம்களில் செய்வது அந்த வழியின் தொடர்ச்சிதான்.

நோட்டில் தேதி போட்டு இப்படி எழுதுங்கள்: "ஸ்குவாட், 4 கிலோ, 10, 9, 8." அடுத்த முறை 10, 10, 9 வந்தால் முன்னேற்றம். மூன்று செட்டும் 12-ஐத் தொட்டதும் பையில் ஒரு பாட்டில் கூட்டுங்கள். எண்ணிக்கை மறுபடி 8-க்கு இறங்கும், இறங்கட்டும்.

முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்புகள் தசையை நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் காலம் அது. உருவத்தில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். தசை கூடிக் கொழுப்பு குறையும்போது முள் அசையாமலே இருக்கலாம். இடுப்பை டேப்பால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து அதே நோட்டில் எழுதுங்கள்.

வலி

தொடங்கிய புதிதில் ஆர்வக் கோளாறில் ஒரே நாளில் நூறு ஸ்குவாட் போட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை படி இறங்கக் கைப்பிடிச் சுவர் வேண்டியிருந்தது, அதற்கடுத்த நாள் அதைவிட மோசம். இப்படி ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தசை முழுக்க மந்தமாக வலிப்பது வழக்கமானது, தானே போய்விடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். கடுமையான தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது.

சாப்பாடும் தூக்கமும்

உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ இருப்பவருக்கு நாளைக்குச் சுமார் 72 முதல் 96 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும்.

காய்ச்சலோ பயணமோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நோட்டில் கடைசியாக எழுதிய எடையையே எடுங்கள், முதல் நாள் மட்டும் ஒரு செட் குறைத்துக்கொள்ளுங்கள்.