பழைய 1/72 ஸ்பிட்ஃபயர் கிட்: காக்பிட் முதல் ஏரியல் கம்பி வரை கையாலேயே செய்யலாம்

இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரை, 72இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் கிட் இது. பழைய கிட்டைப் பிரித்ததும் இதில் என்னென்ன ஒட்டலாம் என்றுதான் கை பரபரக்கும். அதற்கு முன்னால் எதையெல்லாம் தேய்த்துக் குறைக்கலாம் என்று பாருங்கள். பழைய அச்சுகளின் பெரிய குறையே பிளாஸ்டிக்கின் தடிமன்தான். 1/72 அளவில் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 7.2 செ.மீ. விமானி உட்காரும் காக்பிட்டின் ஓரச்சுவர் 1.2 மி.மீ. இருந்தால், அது எட்டரை செ.மீ. தகடு. நிஜ விமானத்தின் தோலோ மெல்லிய அலுமினியத் தகடு. அந்தத் தடித்த சுவருக்குள் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தாலும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது சுவர்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஸ்பிட்ஃபயர் மார்க் 1. இறக்கைகளில் எட்டு பிரவுனிங் துப்பாக்கிகள், வலது இறக்கைக்கடியில் பெட்டி வடிவ ரேடியேட்டர், இடது இறக்கைக்கடியில் சிறிய ஆயில் கூலர். பெட்டியில் எந்த கம்பெனியின் பெயர் இருந்தாலும் முறை ஒன்றுதான். தொடங்குமுன் இறக்கை நீளத்தை அளந்துவிடுங்கள். நிஜம் 11.23 மீட்டர், ஆகவே மாடலில் 156 மி.மீ. வர வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்துக்காக இறக்கையை அறுக்க வேண்டாம்.

தேவையானவை

0.13, 0.25, 0.5 மி.மீ. தடிமனில் ஸ்டைரீன் ஷீட் (கிட் செய்யும் அதே பிளாஸ்டிக்கின் மெல்லிய தகடு). எவர்கிரீன் கம்பெனி ஷீட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தடிமன் ஷீட் முழுக்க ஒரே சீராக இருக்கும். 11ஆம் எண் பிளேடு கத்தி, பின்வைஸ் (விரலால் திருகித் துளைபோடும் சிறு கருவி), 0.3 முதல் 1.5 மி.மீ. வரை துளைமுனைகள், மெல்லிய ரம்பம், கூர்முனை ட்வீசர், 240, 400, 600, 1000 எண் உப்புத்தாள். பழைய எலக்ட்ரிக் வயரை உரித்தால் கிடைக்கும் 0.2 மி.மீ. செப்பு இழைகள். சால்டரிங் ஈயக்கம்பி கொஞ்சம். ஒட்டுவதற்கு டாமியா எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடி போட்டது. டியூபில் வரும் கெட்டிப் பசை இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். மெல்லிய ஷீட்டைக் கரைத்துக் குழைத்துவிடும்.

ஸ்டைரீன் ஷீட்டுக்குப் பதில் தயிர் டப்பாவை வெட்டலாம் என்று சொல்வார்கள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்றிருந்தால் மட்டும் வெட்டுங்கள். 5 என்றிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், எந்த மாடல் பசையும் அதில் பிடிக்காது.

முதலில் தேய்ப்பு

ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 240 எண் உப்புத்தாளை விரித்து ஒட்டுங்கள். இறக்கையின் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் உட்புறம் கீழே இருக்கும்படி வைத்து, பின்விளிம்பின்மேல் மட்டும் விரலை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெளிப்புறம் தேய்த்தால் இறக்கையின் அகலம் குறையும், மேற்பரப்பின் வளைவும் கெடும். வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பு கண்ணாடி போல ஒளிவிடும் நிலையில் நிறுத்திவிடுங்கள். இரண்டு பாதியும் சேர்ந்து 0.3 மி.மீ. இருந்தால் போதும். இப்படி மெலிந்த விளிம்பில் எக்ஸ்ட்ரா தின்னைத் தாராளமாக விட்டால் அலை அலையாக நெளியும். அங்கே மட்டும் சூப்பர் க்ளூவை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள்.

அடுத்து காக்பிட் சுவர்கள். வளைந்த பிளேடால் உட்புறத்தைச் சுரண்டி, திறப்பின் ஓரத்தில் 0.4 மி.மீ., கீழே போகப் போக 0.6 மி.மீ. வரும்வரை குறையுங்கள். கதவு இடது பக்கத்தில். அதைத் திறந்து காட்டுவதென்றால் இப்போதே பிளேடின் முதுகால் கோடு கீறிக் கீறி வெட்டியெடுத்துவிடுங்கள். புதுக் கதவை 0.25 மி.மீ. ஷீட்டில் செய்துகொள்ளலாம்.

உடல் மூடாமல் போவது இங்கேதான்

காக்பிட் வேலையில் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இருக்கைக்குப் பின்னால் வரும் குறுக்குச் சட்டத்தை அளவெடுத்து வெட்டுகிறோம், பொருந்துகிறது. பிறகு இரு சுவர்களிலும் 0.25 மி.மீ. பட்டைகளை விலாச் சட்டங்களாக ஒட்டுகிறோம். இப்போது உள்ளகலம் அரை மி.மீ. குறைந்துவிட்டது. குறுக்குச் சட்டம் உள்ளே உட்காராமல் இரு பாதிகளையும் விலக்கித் தள்ளும். முதுகில் விழும் இடைவெளியைப் புட்டி பூசி மறைத்தாலும், உடல் அரை மி.மீ. அகன்றது அகன்றதுதான். அதற்கப்புறம் முன்கண்ணாடியான விண்ட்ஸ்கிரீன் பொருந்தாது, இறக்கை உடலோடு சேரும் வேரிலும் படி விழும். ஓரிடத்துத் தப்பு மூன்று இடங்களில் வெளிப்படும்.

ஆகவே வரிசை இது. சுரண்டல் முடிந்ததும் விலாப் பட்டைகளை ஒட்டுங்கள்: 0.25 மி.மீ. ஷீட்டில் 0.5 மி.மீ. அகலத்துக்கு வெட்டியவை. ஒரு நாள் காயட்டும். பிறகு உடல் பாதிகளை மாஸ்கிங் டேப்பால் சேர்த்துக் கட்டி, ஈயக்கம்பியைக் கீழ்த்திறப்பு வழியாகச் செலுத்தி, சுவரின் வளைவுக்குத் தக்கபடி அழுத்தி வளையுங்கள். ஈயம் வளைத்தபடியே நிற்கும். வெளியே எடுத்து அட்டையில் வைத்து வரைந்தால் குறுக்குச் சட்டத்தின் வடிவம் கிடைத்துவிடும். அட்டையிலேயே ஒருமுறை வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகு 0.5 மி.மீ. ஷீட்டில் வெட்டுங்கள். அகலத்தில் 0.2 மி.மீ. குறைத்தே வெட்டுங்கள். வலது சுவரில் மட்டும் ஒட்டுங்கள். இடது பக்கம் தொடாமல் நிற்கட்டும். அந்த இடைவெளி மாடல் முடிந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

ஸ்பிட்ஃபயரில் இன்னொரு வசதி உண்டு. கிட்டில் கீழ் இறக்கை இடமிருந்து வலம் ஒரே துண்டாக வந்திருந்தால், அதை ஒட்டும்வரை உடலின் அடிப்பகுதி திறந்தே இருக்கும். உடல் பாதிகளை ஒட்டி, முதுகு ஒட்டைத் தேய்த்துச் சீர்செய்த பிறகு, இருக்கையையும் கருவிப் பலகையையும் கீழ்வழியாகவே உள்ளே அனுப்பலாம். உப்புத்தாள் தூசி காக்பிட்டுக்குள் விழும் தொல்லையும் இல்லை. இந்த வழிதான் சிறந்தது.

உள்ளே என்ன வைப்பது

கிட்டில் காக்பிட் தரை என்று ஒரு தட்டு வந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். ஸ்பிட்ஃபயரில் விமானியின் காலடியில் முழுத் தரை கிடையாது. பெடல்களுக்குப் பக்கத்தில் குதிகால் பட இரண்டு பலகைகள், அவ்வளவுதான். கீழே உடலின் வளைவு தெரியும். தரையை நீக்கியதுமே உள்ளே ஆழம் வந்துவிடும். அதற்கு ஈடாக எந்த நுணுக்க வேலையையும் சொல்ல முடியாது.

இருக்கையின் அகலம் 5.5 மி.மீ. இருக்கட்டும். 0.25 மி.மீ. ஷீட்டில் முதுகு, அடித்தட்டு, இரு பக்கங்கள் என நான்கு துண்டுகள். மேல் ஓரத்தை விளிம்பு ஒளிவிடும்வரை தேய்த்துவிடுங்கள். உலோக இருக்கை என்றால் உட்புறப் பச்சை. பின்னால் வந்த கூட்டுப்பொருள் இருக்கை செம்பழுப்பு. வார்களுக்கு மாஸ்கிங் டேப்பை 0.7 மி.மீ. அகலத்தில் நறுக்குங்கள், நிஜத்தில் 5 செ.மீ. கணக்கு. தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு. அலுமினியத் தாளைவிட டேப் மேல்: பசை கூடவே இருக்கிறது, பெயின்ட்டும் பிடிக்கும்.

கட்டுப்பாட்டுத் தண்டின் தலையில் வட்டப் பிடி வரும். செப்பு இழையை 1.5 மி.மீ. துளைமுனைத் தண்டில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு சுற்றை வெட்டியெடுத்தால் வளையம் தயார். கருவிப் பலகை 0.25 மி.மீ. ஷீட்டில். நடுவில் ஆறு கருவிகள், மேல்வரிசையில் மூன்று, கீழ்வரிசையில் மூன்று: வேகமானி, செயற்கை அடிவானம், ஏற்ற இறக்கமானி, உயரமானி, திசைகாட்டும் ஜைரோ, திருப்பமானி. 0.8 மி.மீ. துளைகள் போட்டு, பின்னால் கறுப்புத் தாளில் வெள்ளைக் கோடுகள் கீறி ஒட்டுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு பளபள வார்னிஷ் விட்டால் கண்ணாடி போல நிற்கும். பலகைக்குக் கீழே நடுவில் பெரிய திசைகாட்டி: 2 மி.மீ. வட்டத் தட்டு. இடது சுவரில் த்ராட்டில் பெட்டியும் டிரிம் சக்கரமும், வலது சுவரில் சக்கரம் ஏற்றி இறக்கும் நெம்புகோல்.

0.2 மி.மீ.க்குக் கீழே வரும் எதையும் செய்ய வேண்டாம். நிஜத்தில் அது ஒன்றரை செ.மீ.க்கும் குறைவு. பெயின்ட் அடித்ததும் காணாமல் போகும்.

உட்புறத்துக்கு ஹம்ப்ரால் கம்பெனியின் 78ஆம் எண் பச்சை பெயின்ட். அடித்துக் காய்ந்ததும் நீர்த்த கறுப்பை மூலைகளில் ஓடவிட்டு, வெளிறிய பச்சையில் காய்ந்த பிரஷால் விலாச் சட்டங்களை மட்டும் தொட்டுவிடுங்கள்.

ஹூட்டைத் திறந்து வைக்க

ஹூட் என்பது காக்பிட்டின் மேலிருந்து பின்னோக்கி நகரும் கண்ணாடி மூடி. இவ்வளவு செய்துவிட்டுத் தடித்த கண்ணாடியால் மூடினால் உள்ளே ஒன்றும் தெரியாது. முதலில் கிட்டின் கண்ணாடித் துண்டுக்குள் களிமண்ணை அடைத்து, மெல்லிய ரம்பத்தால் அழுத்தம் கொடுக்காமல் அறுத்து விண்ட்ஸ்கிரீனைப் பிரியுங்கள். தெளிவான ஸ்டைரீன் நொறுங்கக்கூடியது; களிமண் இல்லாமல் அறுத்தால் விரிசல் ஓடிவிடும். விண்ட்ஸ்கிரீனை அப்படியே பயன்படுத்தலாம். மிச்சமுள்ள பகுதிக்குள் எம்-சீலை அடைத்து, ஒரு குச்சியில் நிறுத்தி இறுகவிட்டால் அச்சு தயார்.

3 மி.மீ. பிளைவுட்டில், ஹூட்டைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. பெரிய துளை வெட்டி, அதன்மேல் 0.25 மி.மீ. அசிடேட் ஷீட்டைக் குண்டூசிகளால் இறுக்குங்கள். சிறு தீக்கு 15 செ.மீ. மேலே பிடித்துச் சூடாக்கினால் ஷீட் முதலில் சுருங்கி நெளியும், பிறகு மேளத்தோல் போல இழுபடும், அப்புறம் நடுவில் தொய்யத் தொடங்கும். தொய்யும் அந்த நொடியில் அச்சை நேர்கீழாக ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். தயங்கினால் மடிப்பு விழும். குமிழ் வந்தால் சூடு அதிகம். ஐந்தாறு முறை செய்தால் ஒன்று சரியாக வரும், ஆகவே ஷீட்டைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பயன்படுத்தாதீர்கள். அது இழுத்துச் செய்யப்பட்ட பிளாஸ்டிக், சூடு பட்டதும் சுருண்டுவிடும்.

ஹூட் அச்சைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும். திறந்த ஹூட் உடலின் முதுகின்மேல் ஏறி உட்காருவதால் அந்தக் கூடுதல் அளவு நமக்குச் சாதகம்.

வெளியே

பேனல் கோடுகள் மேடாக இருந்தால் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கீறலாம். 1/72இல் அது வீண் உழைப்பு. மேட்டை 600 எண் தாளால் பாதியாகக் குறைத்துவிட்டு, எய்லரான் (இறக்கையின் அசையும் பின்பகுதி), எலிவேட்டர் (வால் இறக்கையின் அசையும் பகுதி), ரட்டர் (செங்குத்து வாலின் அசையும் பகுதி) இவற்றின் இணைப்புக் கோடுகளை மட்டும் ஆழப்படுத்துங்கள். எலிவேட்டரை வெட்டி, சற்றுக் கீழே தொங்கும்படி ஒட்டினால் நிறுத்தி வைத்த விமானத்தின் தோற்றம் வந்துவிடும். தரையிறங்கும்போது இறக்கைக்கடியில் இறக்கும் ஃப்ளாப்பை மட்டும் வெட்டாதீர்கள். ஸ்பிட்ஃபயரின் ஃப்ளாப் காற்றழுத்தத்தால் இயங்குவது. மேலே, கீழே என்று இரண்டே நிலைகள். விமானம் தரையிறங்கியதும் அதை ஏற்றிவிடுவார்கள்.

எக்ஸாஸ்ட் குழாய்கள் பக்கத்துக்கு மூன்று. 0.5 மி.மீ. துளைமுனையால் ஒவ்வொன்றின் வாயையும் குடையுங்கள். ரேடியேட்டர் பெட்டிக்குள், நெருக்கமாகக் கோடு கீறிய 0.25 மி.மீ. ஷீட்டை நிறுத்தி, கறுப்படித்து, வெள்ளியால் லேசாகத் தேயுங்கள். சக்கரக் குழியைச் சுற்றி 0.13 மி.மீ. பட்டையைச் சுருட்டி உட்சுவர் வையுங்கள். சக்கரக் காலில் செப்பு இழையால் பிரேக் குழாய்.

இடது இறக்கைக்கடியில் எல் வடிவ பிட்டோ குழாய் (வேகமானிக்குக் காற்றழுத்தம் எடுப்பது) வரும். படுக்கைக் குழாய்க்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 31ஜி இன்சுலின் ஊசியே சரியான தடிமன், கால் மி.மீ.தான். கட்டரால் நறுக்கினால் வாய் நசுங்கும். அரத்தின் ஓரத்தால் சுற்றிலும் வெட்டுக் கொடுத்து முறியுங்கள். கூர்முனையை முதலில் நீக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஏரியல் கம்பிக்கு, கிட் துண்டுகள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் குச்சியான ஸ்ப்ரூவை மெழுகுவத்தித் தீக்குமேல் உருட்டி, பளபளப்பு வந்ததும் தீயிலிருந்து விலக்கி, நிதானமாக இழுங்கள். வேகமாக இழுத்தால் அறும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். முடி போன்ற பகுதியை மட்டும் எடுத்து, காக்பிட்டுக்குப் பின்னால் நிற்கும் ஏரியல் மாஸ்ட்டிலிருந்து ரட்டர் உச்சிக்கு ஒட்டுங்கள். காய்ந்ததும் கொளுத்திய ஊதுபத்தியைப் படாமல் பக்கத்தில் கொண்டுபோனால் தொய்வு நீங்கி விறைக்கும். ஒரு நொடிக்குமேல் காட்டினால் அறுந்துவிடும். விஎச்எஃப் ரேடியோ பொருத்திய விமானங்களில் இந்தக் கம்பி கிடையாது. நீங்கள் செய்யும் விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

எந்த ஸ்குவாட்ரன் என்று தேடுபவர்களுக்கு ஒரு தகவல். "மெட்ராஸ் பிரசிடென்சி" என்ற பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் ஸ்குவாட்ரன் 1940இல் மார்க் 1 ஸ்பிட்ஃபயர்களில்தான் பறந்தது. குறியெழுத்து ஏ-இசட். மேலே கரும்பச்சையும் மண்ணிறமும், அடியில் ஸ்கை நிறம்.

பின்சேர்க்கை

செய்துபார்த்தவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் வருகின்றன. ஒன்று, விண்ட்ஸ்கிரீன் ஒட்டிய மறுநாள் உட்புறம் வெள்ளை படிவது. கண்ணாடியை ஃபெவிகாலில் ஒட்டியிருந்தாலும் வரும், காரணம் உள்ளே கம்பிகளுக்கு விட்ட சூப்பர் க்ளூவின் ஆவி. சூப்பர் க்ளூ பட்ட காக்பிட்டை ஒரு முழு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் கண்ணாடி.

மற்றொன்று, ஷீட்டுகளை அடுக்கி ஒட்டிய இடம் இரண்டு மூன்று வாரம் கழித்து வீங்குவது அல்லது குழிவது. அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய பசை வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கை இளக்கிக்கொண்டே இருக்கிறது. அடுக்கும் ஷீட்டில் சின்னத் துளைகள் நாலைந்து போட்டுவிட்டு ஒட்டுங்கள். தேய்ப்பதற்கு முன் ஒரு வாரமாவது விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ளலாம்.