படகு டிரெய்லரின் வீல் பேரிங்: என் அனுபவம்

படகை இழுத்துக்கொண்டு போகும்போது பின்னால் கரகரவென்று சத்தம். ஓரங்கட்டி, வலப்பக்க ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகே கையைக் கொண்டுபோனேன், அனல் அடித்தது. கழற்றிப் பார்த்தால் கிரீஸ் பால் போல வெளுத்திருந்தது, பேரிங்கின் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் பாகம்) உருளைகளில் துரு. தண்ணீர் புகுந்த அடையாளம் அது. படகை இறக்குவதற்காக, ஓடிச் சூடான ஹப்பை உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி சீல் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். நான் அப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தேன்.

பேரிங், அதன் வெளிவளையம், பின்பக்க சீல் மூன்றையும் மாற்றினேன். பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தண்ணீரைத் தாங்கும் மரைன் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளின் இடுக்கெல்லாம் ஏறும்வரை அழுத்தினேன். இதில் அவசரமே கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகத் தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போட்டேன்.

இப்போதெல்லாம் கரைக்குப் போனதும் ஹப் ஆறும்வரை காத்திருக்கிறேன். அதற்குள், தண்ணீரில் மூழ்கப்போகும் டிரெய்லர் விளக்குகளின் ஒயரையும் கழற்றிவிடுவேன்.