வங்கி எண்ணிலிருந்தே அழைப்பு வந்தாலும் நம்பாதீர்கள்

திரையில் தெரியும் எண், அழைப்பவர் பக்கமிருந்து வரும் தகவல்தான். இணையவழி அழைப்பில் அங்கே எந்த எண்ணையும் நிரப்பி அனுப்பலாம். இடையிலுள்ள தொலைபேசி நிறுவனம் சரிபார்க்காவிட்டால் அப்படியே வந்து சேரும். வெளிநாட்டு அழைப்பு +91 என்று காட்டுவது இப்படித்தான். வங்கி எண்ணைப் பெயரோடு சேமித்திருந்தால் இன்னும் ஆபத்து, போலி அழைப்பிலும் அதே பெயர்தான் மின்னும்.

சந்தேகமா? பேச்சை வளர்க்காமல் துண்டியுங்கள். ஏடிஎம் அட்டையின் பின்புறமுள்ள எண்ணை நீங்களே அழுத்திக் கூப்பிடுங்கள். நீங்கள் அழைக்கும்போது அழைப்பு அந்த எண்ணின் உண்மையான உரிமையாளருக்கே போகும். அதனால், மோசடி அழைப்பில் தெரிந்த எண்ணுக்குக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள். எடுப்பவர் ஒன்றும் அறியாதவராக இருக்கலாம்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். போகவில்லையென்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் புகார் கொடுங்கள். எண், தேதி, நேரம் குறித்து வையுங்கள்.