விடுதிச் சமையலறையிலிருந்து தொடங்குங்கள்

இராமநாதபுரம் கடலோரத்தில் இயங்கும் பல்கலைக்கழக வளாகம் பசியைப் போக்கும் பணியில் இறங்க விரும்பினால், கருத்தரங்குக்கு முன்பு விடுதிச் சமையலறையில் ஒரு தராசை வைப்பது நல்லது. இரண்டு வாரங்களுக்கு, அண்டாவில் மிஞ்சும் சோற்றையும் தட்டில் ஒதுக்கப்படும் சோற்றையும் வேளைவாரியாக நிறுத்து எழுதுங்கள்; முன்னது சமைக்கும் அளவில் உள்ள பிழையையும் பின்னது சுவையில் உள்ள குறையையும் காட்டும் என்பதால், இரண்டையும் கலந்து நிறுத்தால் பயனில்லை. கைபடாமல் மிஞ்சிய உணவைச் சூடு ஆறுமுன் மூடிய பாத்திரத்தில் அனுப்புங்கள். சாம்பார் ஊற்றிப் பிசைந்தது மாட்டுக்குத்தான் ஆகும்.

அடுத்து, யாருக்கு எப்போது தட்டுப்பாடு வருகிறது என்பதை அறிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, அவற்றில் கூலிக்குப் போவோரின் வருமானம் நின்றுவிடுகிறது. மே மாதத்தில் பள்ளிகள் மூடியிருப்பதால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சத்துணவும் இராது. அந்த விடுமுறையில் ஓய்ந்து கிடக்கும் விடுதிச் சமையலறையைப் பூட்டிவிடாமல், மண்டபம், தொண்டி போன்ற ஊர்களின் மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்து மதிய உணவு வழங்கலாம். அதற்கான நிதியைப் பிப்ரவரியிலேயே ஒதுக்குங்கள்.

கொள்முதலையும் மாற்றலாம். வடகிழக்குப் பருவமழையை நம்பி விளையும் சித்திரைக்கார் நெல்லை அறுவடையின்போது உழவரிடமே வாங்குங்கள். வஞ்சிர மீனை விட்டுச் சூடை, சாளை, காரல் போன்ற சிறு மீன்களை வாங்கினால் செலவு குறையும்; ருசியும், என் கணக்கில், கூடும். ஆனால் பணத்தை உடனுக்குடன் கொடுக்க விதி செய்யாவிட்டால், உழவரும் மீனவரும் மீண்டும் முன்பணம் தரும் வியாபாரியிடமே போவார்கள்.