ஸ்கைடைவிங் கற்றுக்கொள்வது எப்படி: விழுவது சுலபம், மிச்சம்தான் வேலை

வார இறுதியில் ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "வயிற்றைப் பிரட்டாதா?" பிரட்டாது. ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது அடிவயிற்றில் ஒன்று கிளம்புமே, அது இங்கே கிட்டத்தட்ட இல்லை. விமானம் ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டர் போல ஓடிக்கொண்டிருக்கிறது, கதவைத் தாண்டியதுமே அந்தக் காற்றின் மேல்தான் படுக்கிறீர்கள், பத்துப் பன்னிரண்டு விநாடியில் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டரில் வேகம் நிலைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு விழுகிற மாதிரியே தெரியாது. ஒரே இரைச்சல், அவ்வளவுதான்.

நானும் புது ஆள்தான். தெற்கு கலிபோர்னியாவில் பெரிஸ் என்ற ஊரில் குதிக்கிறேன், ஏ லைசென்ஸ், அதாவது முதல் நிலை உரிமம், வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. அதனால் கீழே இருப்பது ஒரு புது ஆள் இன்னொரு புது ஆளுக்குச் சொல்வது. அமெரிக்க முறைப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் பயிற்சியாளர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

படி 1: ஒரு டாண்டம் போய்ப் பாருங்கள்

டாண்டம் என்றால் பயிற்சியாளரின் மார்போடு உங்களைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே பாராசூட்டில் இறங்குவது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடைக்கு வரம்பு உண்டு, பல இடங்களில் அது 100 கிலோவை ஒட்டி இருக்கும். நேராகப் பயிற்சியில் சேர வழி இருக்கிறது, ஆனால் சில ஆயிரம் டாலர் கட்டுவதற்கு முன்னால் இது நமக்கு ஒத்து வருமா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

போகும்போதே "நான் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். சும்மா வந்துபோகிறவரை நடத்துவதற்கும் கற்க வந்தவரை நடத்துவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கையில் ஆல்டிமீட்டர் கட்டிவிடுவார்கள், உயரத்தை நீங்களே பார்த்துச் சொல்ல வைப்பார்கள், திறந்த பிறகு டாகிள்களை (பாராசூட்டைத் திருப்பும் கைப்பிடிகள்) பிடித்துத் திருப்பிப் பார்க்க விடுவார்கள். வீடியோவுக்குத் தனிக் காசு. கற்கப் போகிறவர்களுக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து, ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் காட்ட ஒன்று வேண்டும் என்றால் சரி, வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் குதிப்பதற்கு முன்னால் சொல்வதா, குதித்துவிட்டுச் சொல்வதா என்பதில் நான் தலையிடுவதாக இல்லை.

படி 2: ஒரு நாள் வகுப்பு

முதல் ஜம்ப் வகுப்பு ஆறு முதல் எட்டு மணி நேரம் போகும். உடம்பை வில்லாக வளைப்பது, விமானத்திலிருந்து வெளியேறுவது, தரையிறங்குவது எல்லாம் சொல்லித்தருவார்கள். பாதி நேரம் ஒரே விஷயத்துக்குத்தான்: பாராசூட் சரியாகத் திறக்காவிட்டால் என்ன செய்வது.

முதுகில் இருக்கிற பையில் பாராசூட் இரண்டு. வழக்கமாகத் திறக்கும் மெயின் ஒன்று, அது கெட்டுப்போனால் உதவும் ரிசர்வ் ஒன்று. வலது மார்புப் பக்கம் சிவப்புப் பிடி, அதை இழுத்தால் கெட்டுப்போன மெயின் கழன்று போகும். இடது பக்கப் பிடியை இழுத்தால் ரிசர்வ் வரும். முதலில் வலது, அப்புறம் இடது. மெயின் திறந்ததும் மூன்று கேள்வி: சதுரமாக விரிந்திருக்கிறதா, நிலையாகப் பறக்கிறதா, திருப்பினால் திரும்பி ஃப்ளேருக்கும் (தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்க இழுப்பது) கேட்கிறதா? ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால், சரிசெய்து பார்க்க உங்களுக்கு 2,500 அடி வரைதான் நேரம். அதற்குக் கீழே போகும்வரை யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, கழற்றிவிட வேண்டும்.

மெயினைக் கழற்ற உதவும் அந்த மூன்று வளைய அமைப்பை வடிவமைத்தவர் பில் பூத். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு துண்டுக் கயிறு. உங்கள் முழு எடையும் தொங்கும்போதுகூட ஒரு கை பலத்தில் கழன்றுவிடும். இது போக, நீங்கள் மயங்கியே போனாலும் ரிசர்வைத் திறந்துவிடும் ஒரு சின்னக் கணினியும் பைக்குள் இருக்கிறது. சைப்ரஸ் என்ற பெயரில் 1991இல் வந்தது, ஏறக்குறைய 750 அடியில் நீங்கள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அதுவே வேலை பார்க்கும். அது இருக்கிறதே என்று கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது: பல் தேய்க்கும்போது, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது, பிடியைப் பார், பிடி, இழு என்று கைகளுக்குப் பழக்குங்கள். பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

படி 3: ஏஎஃப்எஃப்

ஏஎஃப்எஃப் என்பது பயிற்சியாளர்கள் கூடவே குதிக்க, உங்கள் முதுகில் உங்கள் பாராசூட்டோடு விழக் கற்றுக்கொள்ளும் பயிற்சி. இதைப் பற்றித்தான் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எனவே நான் சுருக்கமாக. பெரும்பாலும் ஏழெட்டு நிலைகள். முதல் மூன்றில் இரண்டு பயிற்சியாளர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வருவார்கள், பிறகு ஒருவர். 13,000 அடி போல ஏறிக் குதித்து, சுமார் 5,500 அடியில் நீங்களே பைலட் சூட்டை (மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) இழுத்து எறிய வேண்டும். நடுவில் முக்கால் நிமிடம்தான் இருக்கிறது. ஆயிரம் அடி என்பது ஐந்தரை விநாடி.

பயிற்சியாளர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினால் காலை நீட்டு என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்குக் கால் மடங்கிக் கிடப்பதே தெரியாது. ஒற்றை விரல் நீட்டினால் உடனே இழு. மூச்சுவிட மறந்துபோகும், வெளியே வந்ததும் ஒரு தடவை கத்துங்கள், கத்தினால் மூச்சு தானாக வரும். ஒரு நிலையில் தேறாமல் திரும்பச் செய்வது சாதாரணம், பர்சுக்கு மட்டும்தான் வலி.

படி 4: பாராசூட் திறந்த பிறகு

நான் சொல்ல வந்ததே இங்கேதான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அந்த முக்கால் நிமிடத்தை மட்டும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள், திறந்துவிட்டால் பிழைத்தோம் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டில் கால் உடைவதும் அதைவிட மோசமானதும் பெரும்பாலும் நன்றாகத் திறந்த, எந்தக் கோளாறும் இல்லாத கேனபிக்கு (விரிந்த பாராசூட்டுக்கு) கீழேதான் நடக்கிறது. ஐந்து நிமிடம் தனியாக ஒரு இறக்கையை ஓட்டுகிறீர்கள், இன்ஜின் கிடையாது, தரையிறங்க ஒரே ஒரு வாய்ப்பு.

எனவே விமானத்தில் ஏறுவதற்கு முன்பே தரையில் நின்று காற்றுத் திசைகாட்டும் பையைப் பாருங்கள், இறங்கும் இடத்தின் படத்தில் விரல் வைத்து உங்கள் பாதையைக் கோடு போடுங்கள். திறந்ததும் கேனபியைச் சோதித்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று தேடுங்கள். 1,000 அடி வரை காத்திருக்கும் பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கலாம். 1,000 அடியில் காற்றோடு போகும் நேர்க்கோடு, 600 அடியில் பக்கவாட்டில் ஒரு திருப்பம், 300 அடியில் காற்றுக்கு எதிராகக் கடைசித் திருப்பம். அதற்குப் பிறகு பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. உங்களுக்குக் கீழே பறக்கிறவருக்குத்தான் முதல் உரிமை. முதல் சில ஜம்ப்களில் காதுக்குள் ரேடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அதற்காக அவரை நம்பியே இருந்துவிடாதீர்கள், ரேடியோ சில நேரம் வேலை செய்யாது.

கணக்குத் தப்பிவிட்டது, இறங்கும் இடத்துக்கு வர முடியாது என்று தெரிந்தால் வேறு காலி இடத்தைத் தேடி நேராக இறங்குங்கள். காற்று முதுகுப்பக்கம் அடித்தாலும் சரி. வேகமாக இறங்கிப் புழுதியில் உருளலாம், சட்டை கிழியலாம், ரிக்கை (பாராசூட்டும் பையும் சேர்ந்த மொத்த உபகரணம்) தூக்கிக்கொண்டு வயலில் நடக்கலாம், டிரக் அனுப்புவார்கள். ஆனால் தாழ்வாக இருக்கும்போது காற்றுக்கு எதிராகத் திரும்பியே தீருவேன் என்று ஒரு டாகிளை முழுசாக இழுத்தீர்கள் என்றால், கேனபி மூக்கைக் குத்தித் தரையை நோக்கிப் பாயும். அந்தப் பாய்ச்சலிலிருந்து மீள உயரம் போதாது. நடந்து வந்ததற்காக இங்கே யாரும் சிரிப்பதில்லை, ஒரு பாட்டில் தண்ணீர் கொடுப்பார்கள்.

ஃப்ளேர்: தரைக்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு அடி மேலே இருக்கும்போது இரண்டு டாகிளையும் சமமாகக் கீழே இழுப்பது. உயரத்தை எப்படி அளப்பது? பாதத்தைப் பார்த்தால் தரை குபீரென்று வருவதுபோல் இருக்கும், பயத்தில் சீக்கிரம் இழுத்துவிடுவீர்கள். தூரத்தில் அடிவானத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே வாருங்கள். சீக்கிரம் இழுத்துவிட்டால் கையை விடாதீர்கள், இழுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, கடைசியில் மிச்சத்தையும் இழுங்கள். விட்டால் கேனபி முன்னால் பாயும். விழுந்துவிடுவோம் என்று ஒரு கையைத் தரைப்பக்கம் நீட்டாதீர்கள், அந்தக் கையில் டாகிள் இருக்கிறது, அந்தப் பக்கமே திரும்பிவிடும். இரண்டு பாதமும் முட்டியும் சேர்ந்தே இருக்கட்டும், வேகம் அதிகமாகத் தெரிந்தால் உருண்டுவிடுங்கள். ஓடி நிற்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

படி 5: மடிப்பது

ரிசர்வை நீங்கள் தொடக் கூடாது, ரிக்கர், அதாவது பாராசூட்டைப் பராமரிக்க உரிமம் பெற்றவர்தான் 180 நாளுக்கு ஒரு தடவை பிரித்து மடிப்பார். மெயினை மடிப்பது நம் வேலை, லைசென்ஸ் வாங்க அது தெரிந்தே ஆக வேண்டும்.

முறை இதுதான். கயிறுகளைத் தோளில் போட்டு நின்றுகொண்டு, முதலில் பைலட் சூட்டை அதன் நடுக்கயிறு இறுகும்படி இழுத்து வையுங்கள் (இதை மறந்தால் பாராசூட் திறக்காமலே போகலாம், அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்கிறேன்). கயிறுகள் முறுக்காமல் நேராக வருகின்றனவா என்று கீழிருந்து மேலாகப் பாருங்கள், ஸ்லைடரை (பாராசூட் மெதுவாக விரிய வைக்கும், கயிறுகளில் நகரும் துணி) மேலே கொண்டுபோய் நிறுத்தங்களில் வையுங்கள். முன்பக்க அறைகளை ஒவ்வொன்றாக எண்ணி முட்டிக்குள் இடுக்கிக்கொள்ளுங்கள், கயிற்று வரிசைகளுக்கு நடுவே துணியை வெளியே உதறி ஒழுங்கு செய்யுங்கள், வால் பகுதியால் மொத்தத்தையும் சுற்றித் தரையில் படுக்க வையுங்கள். இதுவரை அழகாக இருக்கும். அப்புறம் அதைப் பைக்குள் நுழைக்க வேண்டும். புதுத் துணி என்றால் காற்றுப் புகாத வழவழப்பு, இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் வெளியே வரும். முழங்கால் போட்டு, மேலே படுத்துக் காற்றை வெளியேற்றி, வியர்த்து விறுவிறுத்து, மணிக்கணக்காகப் போராடுவீர்கள். பக்கத்தில் பேக்கர் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடத்தில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அவரிடம் காசு கொடுத்து மடித்துக்கொள்ளலாம், நானே பல நாள் கொடுக்கிறேன், ஆனால் ஆரம்பத்தில் நாளுக்கு ஒன்றாவது நீங்களே மடியுங்கள். மடித்தவருக்குத்தான் தன் தலைக்கு மேலே என்ன திறக்கிறது என்று புரியும்.

படி 6: சும்மா உட்காருவது

இது பாடத்திட்டத்தில் இல்லை. பெரிஸ் பக்கம் மே, ஜூன் மாதங்களில் காலையில் கடற்கரை மேகம் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும், மேகத்துக்குள் குதிப்பதற்கு அனுமதி கிடையாது, பத்துப் பதினொரு மணிக்குத்தான் கலையும். மதியம் காற்று கிளம்பும். மாணவர்களுக்கு வரம்பு மணிக்கு 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர் போல. இலையுதிர் காலத்தில் சான்டா ஆனா காற்று (பாலைவனப் பக்கமிருந்து வரும் பலத்த வறண்ட காற்று) அடித்தால் நாள் முழுக்கப் போச்சு. மடக்கு நாற்காலி, தண்ணீர், சன்ஸ்கிரீன், சாப்பாடு எடுத்துப் போங்கள். நான் தயிர் சாதம் கொண்டுபோகிறேன், விடுதிச் சாப்பாட்டைவிட வயிற்றுக்கு நிம்மதி.

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் இறங்குவதைப் பாருங்கள், இதைவிட நல்ல இலவச வகுப்பு கிடையாது. ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கிறார்கள் என்றால் நீங்களும் எழ வேண்டாம். விமானத்தில் ஏறுகிறவர்களைப் பதியும் மேனிஃபெஸ்ட் மேசையில் பெயர் கொடுத்துவிட்டோமே, காசு போய்விடுமே என்ற கூச்சத்தில்தான் பலர் ஏறிவிடுகிறார்கள். பெயரை எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள்.

ஏறுகிற நாளில்: மூன்று வளையம் இரு பக்கமும், மூன்று பெல்ட், மூன்று பிடி. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, கதவு திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும். முதுகுப் பக்கத்தை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: ஏ லைசென்ஸ்

குறைந்தது 25 ஜம்ப். அதற்குள் 5,500 அடியிலிருந்தும் பிறகு 3,500 அடியிலிருந்தும் குதித்த உடனே திறந்து காட்ட வேண்டும், இலக்கிலிருந்து 20 மீட்டருக்குள் இறங்கிக் காட்ட வேண்டும், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, கடைசியில் ஒரு பரிசோதனை ஜம்ப். மொத்தச் செலவு 3,000 டாலருக்கு மேல் போகும், இடத்தைப் பொறுத்தது. இடைவெளி விடாமல் குதித்தால் செலவு குறையும். லைசென்ஸ் கிடைத்த பிறகும் 60 நாள் குதிக்காமல் இருந்தால் திரும்பவும் ஒருவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

ஒரு வழக்கம் தெரிந்துகொள்ளுங்கள்: எதையாவது முதல் தடவை செய்தால் எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். முதல் தனி ஜம்ப், முதல் கட்அவே (மெயினைக் கழற்றிவிடுவது), லைசென்ஸ், எல்லாம் கணக்கு. அதனால் "முதல்" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை அங்கே சத்தமாகச் சொல்லாதீர்கள். குடிக்காதவர்கள் ஐஸ்கிரீம் வாங்கினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். கடைசி விமானம் இறங்கும் வரை யாரும் பாட்டிலைத் திறப்பதில்லை.

படி 8: என்ன வாங்குவது

லைசென்ஸ் வந்த வாரமே முழு ரிக் வாங்கக் கை அரிக்கும். பொறுங்கள். ஆல்டிமீட்டர், ஹெல்மெட், கண்ணாடி மட்டும் வாங்கிக்கொண்டு வாடகை ரிக்கில் ஓட்டுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள்: உங்கள் எடை 75 கிலோ, உடை உபகரணம் எல்லாம் 12 கிலோ என்றால் 87 கிலோ, ஏறக்குறைய 190 பவுண்டு. புது ஆளுக்குச் சதுர அடிக்கு ஒரு பவுண்டு மேல் போகக் கூடாது, ஆகவே 190 சதுர அடிக்குக் குறைந்த கேனபி வேண்டாம். 150 மலிவாக வருகிறது, "நீ சீக்கிரம் பழகிவிடுவாய்" என்று விற்பவர் சொல்வார். அவர் விற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய ரிக் என்றால் காசு கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த ரிக்கரிடம் காட்டுங்கள்.

கேமராவுக்கு 200 ஜம்ப் ஆகட்டும் என்று பரிந்துரை இருக்கிறது. நானும் முதலில் முகம் சுளித்தேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்: தலையில் கேமரா இருக்கிற புது ஆள் ஆல்டிமீட்டரைப் பார்ப்பதைவிட எதிரில் இருப்பவரை ஃபிரேமுக்குள் கொண்டுவருவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், போதாததற்குப் பாராசூட் கயிறு சிக்கிக்கொள்ளக் கொக்கி மாதிரி ஒன்றும் ஹெல்மெட்டில் ஏறிவிடுகிறது. படம் வேண்டுமென்றால் அனுபவமுள்ள ஒருவரிடம் கேளுங்கள், நிறையப் பேர் சும்மாவே எடுத்துத் தருவார்கள், பதிலுக்கு மேலே சொன்ன ஐஸ்கிரீம் போதும்.